என் முகத்தைப் பார்க்காதீங்க, கூண்டைப் பாருங்க

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கயிற்றை எப்படிச் சுற்றி வைப்பது, கப்பிக்கு எப்போது எண்ணெய் விடுவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தையே திறக்காதவர்கள் இதையும் படிக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு சங்கதி. எழுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு சிறு துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினேன். அதில் பெரும்பகுதியைப் பதற்ற நோயோடுதான் ஏற்றினேன். ஒரு கூண்டைக்கூடத் தவறாக ஏற்றவில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன், உங்களுக்குத் தற்பெருமையாகத் தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும்.

எங்கள் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதை நான் பார்த்ததில்லை. ஓடு வேய்ந்த ஒரு அலுவலகம், அதன் முன்னால் உயரமாய் ஒரு கொடிமரம், அதற்கு அப்பால் மணல், மணலில் வரிசையாக நாட்டுப்படகுகள். அவ்வளவுதான் துறைமுகம். பிரம்பில் கட்டிக் கறுப்புச் சாயம் பூசிய கூண்டுகள் என் பொறுப்பில் இருந்தன. வானிலை அலுவலகத்திலிருந்து தந்தி வரும், அதில் நம்பர் இருக்கும், அதிகாரி கையெழுத்துப் போடுவார், நான் ஏற்றுவேன். ஒன்று என்றால் கடலுக்குள் வெகு தூரத்தில் காற்று சுழலத் தொடங்கியிருக்கிறது, நமக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ரேடியோவைக் கேட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம். எட்டு என்றால் பெரிய அபாயம். படகை மேட்டில் ஏற்றிவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு பத்திரமான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். மிளகாயும் ஆடும் தவிர வேறு தெரியாத ஊர். வேலைக்கு வந்த பிறகுதான் கடலையே ஒழுங்காகப் பார்த்தேன். கடற்கரைக்காரர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? சூசை என்று ஒருவர், படகுக்காரர், என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் ஊர் முழுக்க இருக்கும். நான் கயிற்றைத் தொட்டாலே ஆரம்பித்துவிடுவார்.

"மொளகாத் தோட்டத்துல காக்கா வெரட்டுன ஆளு, இங்கன வந்து காத்த வெரட்டுறாரு பாருங்கடே."

ஊரே சிரிக்கும். நானும் சிரிப்பேன். 'கூண்டுக்காரர்' என்பதே என் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

முதல் தடவை அது வந்தது ஒரு மாசி மாதத்துக் காலையில். மாசியில் எங்கள் கடல் குளம் மாதிரி கிடக்கும். தந்தி இல்லை, காற்று இல்லை, கவலை என்று சொல்லிக்கொள்ளவும் அன்று எதுவும் இல்லை. நிழலில் உட்கார்ந்து கூண்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. ஓடிவந்தால் அடிக்குமே, அந்த அடி, ஆனால் நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. உதடு மரத்துப்போனது. விரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டன. மூச்சு உள்ளே போகிறது, போதவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் என் மனைவி செல்லம் இருக்கிறாளே, பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாளே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மீன் வண்டி ஒன்று ராமநாதபுரம் கிளம்பிக்கொண்டிருந்தது. நெத்திலிக் கூடைகளுக்கு நடுவில் என்னையும் ஏற்றி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அது போய்விட்டிருந்தது. நெஞ்சைச் சோதித்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். "ஒண்ணும் இல்ல, போங்க" என்றார்கள். நெத்திலி நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த 'ஒண்ணும் இல்ல' இருக்கிறதே, என்னை வருஷக்கணக்கில் வதைத்த சொல் அதுதான். ஏனென்றால் அது திரும்பத் திரும்ப வந்தது. மதுரை வரைக்கும் போய் ஈ.சி.ஜி. எடுத்தேன், அங்கேயும் ஒன்றுமில்லை. அப்படியானால் எனக்கு வந்தது என்ன, நான் நடிக்கிறேனா? மாமியார் பயந்த கோளாறு என்று சொல்லி வேப்பிலை அடிக்க ஏற்பாடு செய்தார். செல்லம் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெரியவர் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்து, தலையில் கை வைத்தார். கை வைத்த நேரம் மனசு அடங்கித்தான் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். திரும்புகிற பஸ்ஸில் ஏறியதும் வந்துவிட்டது.

அப்புறம் பஸ்ஸையே விட்டேன். அதற்கு முன் கொஞ்ச நாள் கதவோரம் உட்கார்ந்து பார்த்தேன், கையில் சோடா பாட்டில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கல்யாண வீட்டில் பந்தியின் ஓரத்தில்தான் உட்காருவேன், பிறகு கல்யாணத்துக்கே போவதில்லை என்றாகிவிட்டது. மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பரிசு வாங்கியபோது நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். கை தட்டுகிற சத்தம் கேட்டது. அது அவளுக்கான கைதட்டல்தானா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அதை இப்போது எழுதும்போதும் வலிக்கிறது. வீடு, அலுவலகம், கொடிமரம் என்று என் உலகம் மூன்று இடமாகச் சுருங்கிவிட்டது. போகிற வருகிற நேரமெல்லாம் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வேன்.

கொடிமரம் ஒன்றாவது மிஞ்சியதே என்றிருந்தேன். அதற்கும் வந்தது வினை.

ஐப்பசி மாதம், புயல் தந்தி எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய காலம். விடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படகுகள் கிளம்பத் தயாராக நின்றன. கயிறு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போன இடத்தில் எனக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து மூச்சு வாங்கினேன். பிறகு கயிற்றை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். உள்ளே இருக்க முடியாமல் வெளியே ஓடிவந்தேன். கடலைப் பார்த்தேன், திரும்ப மரத்தடிக்கு ஓடினேன். இதையெல்லாம் மொத்தக் கடற்கரையும் பார்த்துக்கொண்டு நின்றது.

கடற்கரை ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நம் ஆட்கள் ஏற்றுகிற கூண்டை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை, ஏற்றுகிறவன் மூஞ்சியையும் பார்ப்பார்கள். தந்தியில் இருப்பதை ஆபீஸ் முழுசாகச் சொல்லாது, கூண்டுக்காரனுக்குத்தான் உண்மை தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அன்று என் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். பெரிய புயல் வருகிறது, தந்தி வந்துவிட்டது, ஆபீசர் மறைக்கிறார், கூண்டுக்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறான்! சூசைதான் முதலில் கத்தியது.

"ஏலே, வலையத் தூக்குங்கடே. கூண்டுக்காரரு மொகத்தப் பாத்தியளா? செத்த பொணமாட்டம் இருக்கு. படக ஏத்துங்க."

பெண்களும் சேர்ந்து கயிறு பிடித்து அத்தனை படகையும் மேட்டில் ஏற்றிவிட்டார்கள். நான் அலுவலகத்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் தெரியாது.

மத்தியானம் ஆகியும் புயல் வரவில்லை. ஒரு ஓலைகூட அசையவில்லை. பக்கத்து ஊர்ப் படகுகள் கும்பளா மீனை அள்ளிக்கொண்டு எங்கள் கண் முன்னால் கரை திரும்பின. அப்போதுதான் எங்கள் ஊர் ஜனம் அலுவலகத்து வாசலில் வந்து நின்றது. சூசை முன்னால் நின்றார்.

"என்ன கூண்டுக்காரரே, ஒங்களுக்கு என்ன, வவுத்து வலியா? அடிச்சது என்னமோ எங்க வவுத்துல."

என்ன சொல்வது? ஒன்றுமே இல்லாததற்கு ஓடினேன் என்றா?

அதிகாரி அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனுஷர். நான் குடித்திருக்கிறேனோ என்று சந்தேகப்பட்டு ஒரு தடவை என் வாயை முகர்ந்து பார்த்ததுண்டு, ஆனாலும் நல்ல மனுஷர்.

"என்னய்யா இது? கூண்டு ஏத்துறதுதான் ஒன் வேலை. நீயே கூண்டாயிட்டா எப்படி?"

"சார், எனக்கு ஒடம்புக்கு..."

"தெரியுது. கடலுக்குப் போற ஒரு நாள் இன்னைக்குப் பாழாப்போச்சு, அத அவங்க மறந்துடுவாங்க. அடுத்த தடவ நெசமாவே கூண்டு ஏறும்போது, இவனுக்கு மறுபடியும் வந்துருச்சுன்னு சிரிச்சுட்டுக் கடலுக்குப் போயிட்டா? யாரு பதில் சொல்றது? போய் இதுக்கு ஒரு வழி பாரு. இல்லன்னா கொடிமரத்துப் பக்கம் ஒன்ன விட மாட்டேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வேலை போனால் போகட்டும், வயலுக்குப் போய்விடலாம். ஆனால் என் முகத்தால் கூண்டின் வார்த்தை கெட்டுவிட்டது. இனி அது மேலே ஏறினாலும் யார் நம்புவார்கள்?

ராமநாதபுரத்தில் மனநல டாக்டர் ஒரு அம்மா வாரத்தில் ஒரு நாள் பார்க்கிறார் என்று அதிகாரியே விசாரித்துச் சொன்னார். செல்லம் என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகமாகிவிடும், விட்டுவிடுகிறேன். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம், மூக்கைத் துடைத்தபடியே இருந்தார். உட்கார்ந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"நான் பைத்தியம் இல்லம்மா."

"நான் சொல்லலையே. என்ன வேலை பார்க்கிறீங்க?"

சொன்னேன். என் வேலையைப் பற்றிக் கேட்டால் நான் லேசில் நிறுத்த மாட்டேன். தந்தி, நம்பர், பிரம்பு, சாயம் எல்லாம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணாம் நம்பர் ஏறினா ஜனங்க என்ன செய்வாங்க?"

"அவங்க பாட்டுக்கு வேலையப் பாப்பாங்க."

"எட்டு ஏறினா?"

"ஓடணும்மா. வேற வழி?"

"தந்தி வராமலே ஒருத்தர் எட்டை ஏத்திட்டா?"

"சஸ்பெண்டு பண்ணிருவாக."

அவர் சிரிக்கவில்லை. தும்மிவிட்டு, நிதானமாகச் சொன்னார். "உங்க உடம்பு அதத்தான் செய்யுது. இதயத்துல கோளாறு இல்லன்னு ரெண்டு ஊர்ல பார்த்துட்டாங்க. அப்போ தந்தி வரல. ஆனா கூண்டு எட்டுல ஏறி நிக்குது. நெஞ்சு அடிக்கிறதும் விரல் இழுக்கிறதும் பொய் இல்ல, கூண்டு நெசமாவே ஏறியிருக்கு. புயல்தான் இல்ல. நீங்க கூண்டைப் பார்த்துட்டு ஓடுறீங்க. நீங்க ஓடுறதப் பார்த்து உடம்பு, ஓகோ, புயல் நெசம்தான் போலன்னு அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா ஏத்துது. இதுக்குப் பதற்ற நோய்னு பேரு. நிறையப் பேருக்கு இருக்கு. குணப்படுத்தலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லாமல், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொன்னார். செல்லம் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தாள், எனக்குத் துடைக்கத் தரவில்லை.

"அப்ப அதக் கீழ எறக்க என்னம்மா செய்யணும்?"

"இழுத்து இறக்கப் பார்க்காதீங்க. ஏறினது தானா இறங்கும். அது ஏறி நிக்கும்போதே உங்க வேலையப் பாருங்க. ஓடாதீங்க."

தினம் சாப்பிட மாத்திரை கொடுத்தார். நானாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வீட்டுப்பாடமும் கொடுத்தார். பஸ்ஸில் நடு சீட்டில் உட்கார வேண்டும். சோடா பாட்டில் கூடாது. நாடியைப் பிடிக்கக் கூடாது. செல்லத்துக்கும் ஒரு பாடம்: என் கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லக் கூடாது.

சொல்லுவதற்கு எளிது. முதல் தடவை உச்சிப்புளி தாண்டுவதற்குள் எழுந்து இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸில் செல்லம் என்னை ஜன்னலோரம் தள்ளி உட்காரவைத்து, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தாண்டித்தான் நான் ஓட வேண்டும். அவளைத் தாண்டி எங்கள் குடும்பத்தில் யாரும் ஓடியதில்லை. நெஞ்சு அடிக்க ஆரம்பித்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைத் தேற்றவில்லை, சாவகாசமாகக் கேட்டாள்.

"எத்தனாம் நம்பரு?"

"எட்டு."

"தந்தி வந்துச்சா?"

"வரல."

"அப்ப உக்காருங்க."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். ஐந்து என்றேன். ராமநாதபுரம் வரும்போது இரண்டாக இருந்தது. தானாகத்தான் இறங்கியது, நான் ஒன்றுமே செய்யவில்லை. பஸ் நின்றதும் எனக்கு அந்த நிலையத்தின் நடுவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. புரோட்டாக் கடைக்குள் போய், கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேரும் சாப்பிட்டோம். அந்தப் புரோட்டாவின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

இப்படியே ஒவ்வொரு இடமாகத் திரும்பப் பிடித்தேன். கல்யாணப் பந்தி, மாதா கோயில் திருவிழாக் கூட்டம், மகளுடைய பள்ளிக்கூடம். அடுத்த ஆண்டு விழாவில் முன் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினேன், மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து. நோய் அடியோடு போகவில்லை. ஏறும், இறங்கும். நான் ஓடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இதெல்லாம் எனக்கும் செல்லத்துக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கடற்கரையில் நான் மூச்சுவிடவில்லை. அவர்கள் கணக்கில் நான் இன்னும் காரணமில்லாமல் ஓடியவன்தான்.

நெசமான சோதனை ஒரு கார்த்திகை மாதத்தில் வந்தது. காலையிலேயே டெலிபோன் வந்தது, பின்னாலேயே தந்தியும் வந்தது. எட்டு. அதிகாரி கையெழுத்துப் போட்டார், நான் போய் ஏற்றினேன். ஏற்றும்போது எனக்குக் கை நடுங்கவில்லை, நெஞ்சு அடிக்கவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆபத்து வந்த அன்று என் உடம்பு அமைதியாகத்தான் இருந்தது. வேலை இருந்தது, செய்தேன்.

ஆனால் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. நல்ல வெயில். மழைத் தண்ணீர் கடலில் சேர்ந்து இறால் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்த நேரம், கிளம்பாமலிருக்க யாருக்கும் மனசில்லை. சூசை கூண்டை அண்ணாந்து பார்த்தார், சிரித்தார்.

"கூண்டுக்காரருக்கு மறுபடியும் வந்துருச்சுடே. இந்தத் தடவ கூண்டையும் சேத்து ஏத்திப்புட்டாரு."

கடற்கரை முழுக்கச் சிரித்தது. படகுகளைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு படகு தண்ணீரைத் தொட்டுவிட்டது. அதிகாரி வராந்தாவில் நின்று கத்திப் பார்த்தார். அதற்குள் ராமநாதபுரத்திலிருந்து மறுபடி டெலிபோன் அடித்தது, அதை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. என்னைப் பார்த்தார். நான் மணலில் இறங்கினேன்.

பாதி தூரம் போயிருப்பேன், வந்துவிட்டது. உதடு மரத்தது, விரல் இழுத்தது, நெஞ்சு அடிக்கிறது. இத்தனை பேர் முன்னால், இந்த முகத்தோடு போய் நின்றால் என்ன ஆகும்? 'பாத்தியா, சொன்னேன்ல' என்பார்கள். திரும்பிப் போனால் படகுகள் போய்விடும். எனக்குப் பதிலாக அலுவலக வாட்ச்மேனை அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை போலத்தான் இருந்தது, ஆனால் அதுவும் ஓட்டம்தான் என்று எனக்கே தெரிந்தது. நடந்தேன். சூசையின் படகுக்கு முன்னால் போய் நின்று, அவர் கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்தேன்.

"அடிக்குதா சூசை?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னய்யா இது, இந்த அடி அடிக்குது?"

"இது என் வியாதி. பேரு பதற்ற நோய். வருஷக்கணக்கா இருக்கு, ராமநாதபுரத்துல டாக்டரம்மாகிட்ட மருந்து சாப்புடுறேன். அன்னைக்கு நான் ஓடுனதும் இதனாலதான். அன்னைக்கு மரத்துல கூண்டு இருந்துச்சா?"

சூசையின் மனைவி ரோஸ்லின் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். அவள்தான் சொன்னாள்.

"இல்ல. அன்னைக்கு மரம் மொட்டையாத்தான் நின்னுச்சு. நாமதான் இவுக மொகத்தப் பாத்துப் படக ஏத்துனோம்."

"இன்னைக்கு இருக்குல்ல? என் முகத்தைப் பார்க்காதீங்க, கூண்டைப் பாருங்க. என் முகம் பொய் சொல்லும், ஒடம்பு பொய் சொல்லும். கூண்டு சொல்லாது. தந்தி வந்தாத்தான் அது ஏறும். வந்துருச்சு. வேணும்னா ஆபீஸ்ல வந்து படிச்சுப் பாருங்க."

எல்லாத் தலையும் மேலே திரும்பியது. ரோஸ்லின் யாரையும் கேட்கவில்லை. கூடையை வீசிவிட்டுப் படகுக்குள் கையைவிட்டு வலையை அள்ளி மணலில் போட்டாள். சூசை முறைத்தார். பிறகு வழக்கம் போல மற்றவர்களைப் பார்த்துக் கத்தினார்.

"என்னலே பாத்துக்கிட்டு நிக்கிறீக? தண்ணியத் தொட்ட படக இழுங்க மொதல்ல."

நானும் கயிறு பிடித்தேன். நெஞ்சில் எட்டு நின்றபடியே பிடித்தேன். நான்காவதோ ஐந்தாவதோ படகு மேட்டில் ஏறும்போதுதான் நெஞ்சு அடிப்பது நின்றிருப்பதைக் கவனித்தேன். எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது, பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

சாயங்காலம் காற்று எழுந்தது. ஊர் முழுவதும் மாதா கோயிலுக்குள் இருந்தது. அலுவலகத்து ஓடு போனது, குடிசைகள் போயின, கொடிமரம் சாய்ந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு உயிர் போகவில்லை. ஒரு உயிர்கூடப் போகவில்லை! காற்று அடங்கிய பிறகு சாய்ந்த கொடிமரத்தடியில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். சூசை வந்து பக்கத்தில் நின்றார். சேற்றில் கிடந்த கூண்டை எடுத்துத் தூசி தட்டுவது போலத் தட்டி என் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கு வவுத்துல அடிச்சீகன்னு சொன்னேன். அத வாபஸ் வாங்கிக்கிறேன் கூண்டுக்காரரே."

என் வாழ்நாளில் நான் வாங்கிய பதவி உயர்வு அதுதான்.

ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டதால் ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒரு வாத்தியார், புதுமடத்துக்குக் கட்டிக்கொடுத்த ஒரு பெண், ஆழத்தில் மூழ்கிச் சங்கு எடுக்கிற ஒரு திடகாத்திரமான ஆள். "எனக்கும் அடிக்கும் கூண்டுக்காரரே, யாருகிட்டயும் சொன்னதில்ல." அத்தனை பேரும் ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள், என்னைப் போலவே. எல்லோரையும் டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். பாதிப் பேர் திட்டிவிட்டுப் போனார்கள், பிறகு போய்ப் பார்த்தார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு, இதை மட்டுமாவது மனசில் போட்டுக்கொள்ளுங்கள். சில வருஷம் கழித்து ஒரு நாள் சூசை என் அலுவலகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் வேர்வை வழிந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒங்க வியாதி தொத்திக்கிச்சு. கூண்டு ஏறியிருக்கு. எப்புடி எறக்குறதுன்னு சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுக்க என் வாய் துடித்தது. அதில் நான்தான் எங்கள் பக்கத்துப் பண்டிதன் அல்லவா? ஆனால் என் நெஞ்சை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகுதான் அது வெறும் கூண்டு என்று சொன்னார்கள். சூசையின் நெஞ்சை யார் பார்த்தார்கள்? தந்தி வந்ததா இல்லையா என்று தெரியாமல் கூண்டைப் பொய் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? "பாடம் அப்பறம், வண்டியில ஏறு" என்றேன். அவர் திட்டத் திட்ட வாட்ச்மேனோடு சேர்ந்து மீன் வண்டியில் தூக்கி ஏற்றி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அது இதயம்தான், அடைப்பு. நேரத்தோடு வந்ததால் பிழைத்தார் என்றார்கள். முதல் தடவை வருகிற நெஞ்சுப் படபடப்பை, அது யாருடையதாக இருந்தாலும், டாக்டர் பார்க்காமல் பதற்றம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உங்களில் யாருக்காவது இது இருக்கலாம். எத்தனை பேருக்கு என்று எனக்குத் தெரியாது, நிச்சயம் சிலருக்கு இருக்கும். ஒளிக்காதீர்கள். மேலதிகாரியிடம் சொல்லுங்கள். பயப்படுகிறவன் இந்த வேலைக்கு ஆக மாட்டான் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. என் பணி நிறைவு விழாவைக் கடற்கரையிலேயே பந்தல் போட்டு நடத்தினார்கள். கழுத்தில் மாலை, முன்னால் மைக், எதிரே ஊர் முழுவதும். முன் வரிசையில் செல்லம், பக்கத்தில் மகளும் பேரப்பிள்ளைகளும், அடுத்த வரிசையில் ரோஸ்லினும் சூசையும். மைக்கைப் பிடித்தேன். வந்துவிட்டது. உதடு மரத்தது, கை மைக்கோடு ஆடியது. நான் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்பதைப் பார்த்துப் பந்தல் அமைதியாகிவிட்டது. சூசை எழுந்து நின்றார். அவருக்கு மைக் எதற்கு?

"கூண்டுக்காரரே, ஏறிருச்சா?"

"ஏறிருச்சு."

"எத்தனாம் நம்பரு?"

"எட்டு."

பந்தலே சிரித்தது. செல்லம் சிரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, அந்தப் பழைய பஸ்ஸில் கேட்ட அதே சாவகாசத்தோடு கேட்டாள்.

"தந்தி வந்துச்சா?"

"வரல."

"அப்பப் பேசுங்க."

பேசினேன். கூண்டு இறங்கும்வரை காத்திருக்கவில்லை.